நான் உட்காரவில்லை, தூங்கினேன்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

மாமா எழுதுவது. என் இடது முழங்காலும் உன் அத்தையின் கோபமும் நீங்கலாக இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அக்காவும் முழங்கால் உள்பட சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நிற்க. (இருபத்தெட்டு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவன் நான். கடிதத்தில் இந்த வார்த்தையை எழுதும்போதுகூடக் கால் கடுக்கிறது.)

நீ அனுப்பிய புத்தகத்தின் புரூஃப் வந்து சேர்ந்தது. சமுதாயத்தைக் கொஞ்சமாவது மாற்றிய பத்துப் பேரின் வாழ்க்கைக் கதை என்று முன்னுரையில் போட்டிருக்கிறாய், நல்ல காரியம். ஆறாவது அத்தியாயத்தில், விஷவாயுக் குழிக்குள் இனி ஒரு மனுஷனும் இறங்கக் கூடாது என்று பதினாறு வருஷம் நடையாய் நடந்த துப்புரவுத் தொழிலாளி. எட்டாவதில், பிள்ளை பெற்ற மறுவாரமே வேலைக்குக் கூப்பிட்ட ஆலையோடு மல்லுக்கு நின்று பெண்களுக்கு விடுப்பு வாங்கிக்கொடுத்த நர்ஸம்மா. இரண்டுக்கும் நடுவில் யார் என்று பார்த்தால், நான்! 'நின்றே தேய்ந்த மக்கள் முன்னால் அவர் கம்பீரமாக அமர்ந்தார். எல்லோரும் உட்காருங்கள் என்று முழங்கினார்.' படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாடி, நான் எங்கே முழங்கினேன்? என் முழங்கால்தான் முழங்குகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்கிறாய். அதற்குள் அந்த ஏழாவது அத்தியாயத்தை எடுத்துவிடு. உனக்குப் புண்ணியமாய்ப் போகும்.

ஏன் என்று சொல்கிறேன், கேள். அந்தக் கடையில் நாலு மாடி. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டரை வரை நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது, மேஜையில் முழங்கை ஊன்றக் கூடாது, வாங்க வந்தவர்கள் யாரும் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவன் சோம்பேறி, சோம்பேறியிடம் யார் துணி வாங்குவார்கள் என்பது மேனேஜரின் சித்தாந்தம். அவ்வளவு பெரிய கடையில் இருந்த ஒரே ஸ்டூல் கீழே வாசலில் வாட்ச்மேனுடையது, அதுவும் ஒரு கால் குட்டை. நான் மூன்றாவது மாடி, துணிப் பிரிவு. நாளெல்லாம் கொட்டாவி விடுவேன் என்பதால் என் பெயரே கொட்டாவி. எனக்கு எதிரில் பட்டன், லேஸ் விற்கும் கவுண்டர். அதில் நின்றவளை எல்லோரும் பட்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவள்தான் பிற்பாடு எங்கள் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராகி, போதாததற்கு எனக்கும் பெண்டாட்டியாகி, இப்போது உனக்கு அத்தை. நான் தூங்கிய அந்த வாரம் அவள் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். அந்த நேரத்தில் ஜவுளிக்கடைக்குள் ஒரு மயக்கம் இறங்கும், தெரியுமா? மின்விசிறி சுற்றுவது தெரியும், சத்தம் கேட்காது. ஜன்னலில் தொங்கும் துணிகள் வழியாக வெயில் வந்து தரையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகக் கிடக்கும். நான் ஒரு அம்மாவுக்கு நீலத் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் விரிங்க" என்றார். விரித்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். துணி மேஜையைத் தாண்டித் தரையில் இறங்கி, கவுண்டர்களைச் சுற்றிக்கொண்டு, படியில் சலசலவென்று வழிந்து, ஒரு ஆறாகவே ஆகிவிட்டது. அதில் கணுக்கால் தண்ணீரில் கடைப் பொம்மைகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. துணி மாட்டி வைப்போமே, அந்தப் பொம்மைகள்தான். அத்தனை முகத்திலும் வலி. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏன்மா நிக்கறீங்க? உட்காருங்க. எல்லாரும் உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவ்வளவுதான்மா நான் சொன்னது, அதுவும் பொம்மைகளிடம்.

கண்ணைத் திறந்தால் நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்காதே, கடை என்றால் ஆயிரம் சாமான் கிடக்கும். சுற்றிப் பார்த்தால் மூன்றாவது மாடி முழுக்க உட்கார்ந்திருக்கிறது! துணி மூட்டையின் மேல், படிக்கட்டில், வெறுந்தரையில். முதலில் உட்கார்ந்தது பட்டன். அவளைப் பார்த்துப் பக்கத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, நாற்பத்தொரு பேர். இஸ்திரி போடுகிறவர் மேஜைக்கு அடியிலேயே சம்மணம் போட்டுவிட்டார். மேனேஜர் ஓடிவந்தார். "யோவ் கொட்டாவி! என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?" என்றார். நான் ஆற்றிலிருந்து முழுசாகக் கரையேறவில்லையா, "தண்ணி வடியட்டும் சார், எழுந்துக்கறோம்" என்றேன். அதைத்தான் நீ ஏதோ போராட்ட முழக்கம் மாதிரி கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய்!

மறுவாரம் விசாரணை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டார்கள். கால் வலித்தது, அதனால் உட்கார்ந்தேன் என்று தைரியமாகச் சொன்ன பதினோரு பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. பட்டனுக்கும் இஸ்திரிக்காரருக்கும் சேர்த்துத்தான். நான் உள்ளதைச் சொன்னேன். "தூங்கிட்டேன் சார்." மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்து என்னை வேலையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்தால் எல்லோரும் என் முதுகில் தட்டுகிறார்கள், என்னமா நடித்தாய் என்று! நடிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அதற்கும் தட்டினார்கள்.

அப்புறம் எட்டு மாதம் வேலை போனவர்கள் நியாயம் கேட்டுக் கடை வாசலில் வெயிலில் உட்கார்ந்தார்கள், நான் உள்ளே நிழலில் நின்றேன். உள்ளே நடப்பதை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடம் போய் ஒப்பிப்பேன், வேறு என்ன செய்தேன்? கடைசியில் மாடிக்கு மாடி ஸ்டூல் வந்தது, ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. அதில் ஒருவர் இஸ்திரிக்காரர். வேறு ஊருக்குப் பிழைக்கப் போய் அங்கேயே செத்துப்போனார். அவர் உட்கார்ந்தது என் குரலைக் கேட்டு. நான் பொம்மையிடம் பேசியதைக் கேட்டு ஒரு மனுஷன் வேலையை இழந்தார் என்றால், அந்த மனுஷன் இல்லாத புத்தகத்தில் எனக்கு என்னம்மா அத்தியாயம்? இன்றைக்கும் சாப்பிட உட்காரும்போது சில நாள் அவர் ஞாபகம் வந்துவிடும். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவேன். உன் அத்தையின் கோபத்துக்கு அதுதான் காரணம்.

ஆகவே என் அத்தியாயத்தை எடுத்துவிட்டு அத்தையைப் போடு. இஸ்திரிக்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. அக்காவுக்கு என் நமஸ்காரம். உன் புத்தகம் நன்றாக விற்று, நீ நீடூழி வாழ்ந்து, வேண்டியபோது உட்கார ஒரு நாற்காலி உனக்கு எங்கேயும் கிடைக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தூங்கிய மாமா

பின்குறிப்பு: கண்ணு, இது அத்தை. ஒட்டி தபால்ல போடுன்னு குடுத்தார். படிக்காம ஒட்டற பழக்கம் எனக்கு இல்ல. நல்லா எழுதியிருக்கார். ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஸ்டூல் கீழ வாசல்ல இருந்ததுன்னு அவரே எழுதியிருக்கார். தூங்கற மனுஷன் மூணு மாடி இறங்கி, வாட்ச்மேன எழுப்பி, ஸ்டூலத் தோள்ல வெச்சு மூணு மாடி ஏறி வருவாரா? வந்தார். வந்து என் வீங்கின கால் பக்கத்துல வெச்சு, "உட்காரு"ன்னார். எனக்கு பயம், மாட்டேன்னுட்டேன். சரின்னு அவரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், எல்லாரும் உட்காருங்க, நான் பாத்துக்கறேன்னு. எந்த ஆறும் இல்ல, எந்தப் பொம்மையும் இல்ல. விசாரணைல தூங்கிட்டேன்னு சொல்லச் சொன்னது நானும் இஸ்திரி அண்ணனும். உள்ள நம்ம ஆள் ஒருத்தர் இருக்கணும்னு அண்ணன்தான் கெஞ்சினார். இவர் மாட்டவே மாட்டேன்னு அழுதார். அண்ணன் போனதுலேர்ந்து அந்தப் பொய்யையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். தூங்கிட்டேன்னா பழி தூக்கத்தோட போயிடும் இல்லையா? வருஷா வருஷம் கனவுல புதுசா எதையாவது சேர்ப்பார். அந்த ஆறு போன வருஷம்தான் வந்தது.

அத்தியாயத்த எடுக்காத. அண்ணனுக்குப் பக்கம் ஒதுக்கு, அது மட்டும் அவர் சொன்னபடி செய். முப்பது வருஷமா பக்கத்துல படுக்கறேன், தூக்கத்துல தினமும் பேசுவார், ஒரு வார்த்தை தெளிவா வந்தது கிடையாது. இப்பவும் நாற்காலில கண்ணசந்து என்னமோ சொல்லிட்டிருக்கார். காதக் கிட்ட கொண்டுபோய்க் கேட்டேன். ஒண்ணும் புரியல.