பாட்டக்ஜிக்கு வைத்த பேனர்

மதிப்பிற்குரிய மச்சான் தவ்ஃபீக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையில் நானும் உங்கள் தங்கச்சி சல்மாவும் சுகம். சென்னையில் நீங்களும் உங்கள் பதிப்பகமும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறோம். பாட்டக்ஜியின் சம்மதக் கையெழுத்து கிடைத்துவிட்டது. புத்தகத்தை அச்சுக்கு அனுப்பலாம்.

திரிலோகி பாட்டக் யார் என்று மூன்று முறை கேட்டு மூன்று முறையும் மறந்துவிட்டீர்கள். அலகாபாத் அச்சகமொன்றில் பிழை திருத்துபவராகச் சேர்ந்து, பிறகு இந்தி மாத இதழ் ஒன்றுக்கு முப்பத்தொரு வருடம் ஆசிரியராக இருந்தவர். இந்தி எழுத்தாளர்களில் பாதிப் பேரை எழுத வைத்தவர், மீதிப் பேரை நிறுத்தியவர். சொந்த அண்ணனின் கவிதையைத் திருப்பி அனுப்பி, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பே பெறாதவர். 2009-ல் முதலாளி இதழை மூடியபின் அவர் எழுதிய சுயசரிதையைத்தான், பம்பாயில் கடை வைத்திருந்தபோது கற்ற இந்தியைக் கொண்டு ஆறு வருடமாகத் தமிழாக்கினேன். அவர் சம்மதம் இல்லாமல் அச்சடிக்க முடியாது என்றீர்கள். நியாயம்தான்.

ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வந்தவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நம் ஊருக்கு வருவதாகச் சொன்னார். ஃப்ளெக்ஸ் கடை முனியசாமியிடம் அவர் படத்தோடு பெயரையும், பிறந்த வருடத்தையும், ஆசிரியர் பதவி விட்ட வருடத்தையும் எழுதிக் கொடுத்தேன். வயதானவர் படமும் இரண்டு வருடங்களும் வந்தால் நம் பக்கம் என்ன அடிப்பார்களோ அதையே அடித்து, நான் ஜும்ஆவில் இருந்தபோது பஸ் நிலையத்தில் கட்டியும் விட்டார். தோற்றம் 1938, மறைவு 2009, கண்ணீர் அஞ்சலி, இரு பக்கமும் குத்துவிளக்கு. பிறகு கேட்டதற்கு, "வருசாவருசம் நினைவஞ்சலி வைக்கிறாகள்ல, அதுன்னு நெனச்சேன் பாய்" என்றார்.

நான் பள்ளிவாசலிலிருந்து வந்து பேனரைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போதே பாட்டக்ஜி காரில் வந்து இறங்கிவிட்டார். பூ விற்கும் பிச்சையம்மாள் பேனரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "கூடப் பொறந்தவக போல, சாடை அப்படியே இருக்கு" என்று ஒரு மாலையை அவர் கையில் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைக் கேட்டு அங்கே நின்ற ஆண்கள் எல்லாரும் துக்க வீட்டில் செய்வதுபோல ஒவ்வொருவராக வந்து, பேசாமல் அவர் கையைத் தொட்டுவிட்டு விலகினார்கள். தமிழ் தெரியாத அந்த எண்பத்தேழு வயதுக்காரர் அழுதேவிட்டார். தன் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றார். பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நல்வரவு என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் சம்மதக் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஆகவே தாமதிக்க வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் சலாமும் பிள்ளைகளுக்கு துஆவும்.

இப்படிக்கு,
நுஃமான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பாட்டக்ஜி போன் செய்தார். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து எழுத்தை வாசித்துக் காட்டிவிட்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். கோபப்படவில்லை. "வருடம் சரிதான் பாய். இதழ் நின்ற அன்றே நான் போய்விட்டேன். என் வீட்டாருக்குத் தெரியாதது உங்கள் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் 2009-ல் போனவன் போன வெள்ளிக்கிழமை போட்ட கையெழுத்தை எந்த ஆசிரியன் ஒப்புக்கொள்வான்?" என்றார். அச்சை நிறுத்திவையுங்கள், மச்சான்.