மாப்பிள்ளை முதலில் குடிக்கட்டும்

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பயந்தால் பேச்சு நிற்காது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம், மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலையில் இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்று தெரிந்ததும் பெண் வீட்டார் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசியாக அக்கா பார்த்தது காஜா பேராங் பக்கத்தில் இருந்த கமலத்தை. அவள் அப்பா எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர்; இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர். "இதுவும் போச்சுன்னா இனிமே நான் அலைய மாட்டேன்டா" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

படித்தவனைப்போல் பேச ஒரு விஷயமாவது வேண்டுமே! பொட்டலம் கட்டிவந்த பழைய பத்திரிகைத் தாளில் மைக்ராஸ்கோப்பின் கதை இருந்தது. மனப்பாடம் செய்தேன். (அதில் வரும் பெரிய ஆள் ஒரு துணி வியாபாரி. நம்ம ஜாதி!)

பெண் பார்க்கப் போன அன்று கிராணி, "கடையில வியாபாரம் எப்படி, தம்பி?" என்றுதான் கேட்டார்.

"ஹாலந்துல மூக்குக்கண்ணாடி செய்றவங்கதான் மாமா, முதல்ல குழாய்க்குள்ள ரெண்டு வில்லைய வெச்சுப் பார்த்தாங்க" என்றேன்.

அக்கா என் காலை மிதித்தாள். இன்னும் சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இங்கிலாந்துக்காரர் ஒருவர் தக்கையைச் சீவிப் பார்த்து, உள்ளே குட்டிக் குட்டி அறைகளைக் கண்டதைச் சொன்னேன். கிராணி தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் கமலம் எல்லாருக்கும் ரோஜா சர்பத் மாதிரியான சிராப் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அப்புறம் ஒரு டச்சுத் துணி வியாபாரி, மாமா. டச்சுக்காரங்க நம்ம மலாக்காவ ஆண்ட காலத்துலதான். சொட்டுத் தண்ணிய வில்லையில பார்த்தாரு. அத்தனையும் உயிரு! நெளியுது, நீந்துது!"

கிராணி வாய் வரை கொண்டுபோன டம்ளரை இறக்கினார். "இந்தத் தண்ணியிலயுமா?"

கடையில் துணியின் நூலை எண்ணும் பூதக்கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். டம்ளருக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"ஒன்னும் காணோமே லா."

"இதுல தெரியாது மாமா. ஆனா இருக்கும்" என்று தைரியம் சொன்னேன்.

ஒரு டம்ளரும் அசையவில்லை. பதறிப்போய்ச் சமாளிக்கப் பார்த்தேன். "தண்ணிய விடுங்க மாமா. பல்லே வெளக்காத ஒரு கிழவரோட பல் அழுக்கையும் அவரு பார்த்தாரு. அதுல இதவிட அதிகம்!"

வெற்றிலைக் காவி படிந்த பல் தெரிய வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த கிராணி சட்டென்று வாயை மூடினார். அக்கா கிளம்பப் பையை எடுத்துக்கொண்டாள்.

கமலம்தான் கேட்டாள்: "அப்ப நீங்க என்னதான் குடிப்பீங்க?"

கண்ணை மூடிக்கொண்டு என் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சாயவில்லை என்று உறுதியான பிறகு கிராணி மெல்ல ஒரு வாய் குடித்தார்.

"வீட்டுக்கு இப்படி ஒருத்தர் வேணும் லா" என்றார்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டு விசேஷங்களில் நான் குடித்துக் காட்டாமல் யாரும் டம்ளரைத் தொடுவதில்லை. மாமனார் போய்ச் சேர்ந்தார், பழக்கம் போகவில்லை. எனக்குச் சர்க்கரை வந்த பிறகும், "மாப்பிள்ளை முதல்ல!" என்று சிராப்பை நீட்டுகிறார்கள். புதிதாக வரும் சம்பந்திகள், "இந்த வயசுலயும் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை!" என்று வியக்கிறார்கள்.

திருத்த எனக்குத் தெம்பில்லை. குடித்துவிடுகிறேன்.