டவுட்டு வாத்தியாரும் அசையாத பன்னிரண்டரையும்

திண்டுக்கல்லில் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளில் பாதியை டவுட்டு வாத்தியார் ஒருவரே கேட்டிருப்பார். மீதிப் பாதி, "சார், வீட்ல தேட மாட்டாங்களா?" என்று மற்றவர்கள் அவரைக் கேட்டது.

நான் அப்போது பேகம்பூர் பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருந்தேன். ஷாப் என்றால் நாலு தகரம், ஒரு குழி. புகையை மோந்து பார்த்தே எஞ்சினுக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவேன். என் மூக்குக்கும் காதுக்கும் ஊரில் தனி மரியாதை. வாத்தியார் கணக்கு வாத்தியார். வகுப்பில் கேட்டுக் கேட்டு, வாய் அப்படியே பழகிவிட்டது. அவர் பெயரை நான் கேட்டதில்லை. ஒன்று கேட்டால் நாலாகத் திரும்பி வரும்.

அவர் அப்பா விட்டுப்போன கார் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் வாங்கியது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷத்தில், எஞ்சினுக்குப் பெட்ரோல் அளந்து விடுகிற கம்ப்யூட்டர் பெட்டி செத்துப்போனது. அந்த மாடல் நின்று ரொம்ப நாளாகிவிட்டதால் வேறு பெட்டியும் கிடைக்கவில்லை.

"எஞ்சினோட மாத்திருவோம் சார்" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. "அத மட்டும் சொல்லாதீங்கண்ணே. எங்கப்பா சாகுற வரைக்கும் இதுல வேற ஆள் கைய வைக்க விடல. இந்த எஞ்சின்தான் ஓடணும்."

நேராகக் கோயம்புத்தூர் போனார். ரேஸ் கார்க்காரர் யாரிடமோ வேறொரு பெட்டியும் ஒரு பழைய லேப்டாப்பும் வாங்கி வந்தார். பிடித்தது சனி எனக்கு.

"அண்ணே, மாட்டுனா ஓடிருமா?"

"மாட்டிப் பாத்தாத்தான் தெரியும் சார்."

மாட்டினோம். இருமிவிட்டு நின்றது. யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு, பிள்ளை பிறந்த சந்தோஷத்தோடு வந்தார்.

"இந்தப் பெட்டிக்கு ஒண்ணுமே தெரியாதாம்ணே! ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி. எந்த வேகத்துக்கு எம்புட்டுப் பெட்ரோலுன்னு நாமதான் சொல்லிக் குடுக்கணுமாம். ஏண்ணே, பெட்ரோல் கொறஞ்சா என்ன ஆகும்?"

"சூடேறும்."

"ஊத்துறது கொறஞ்சா எப்பிடிண்ணே சூடேறும்?"

"பெட்ரோலுதான் சார் உள்ள குளுமையும் பண்ணுது."

"அப்ப ரேடியேட்டர் எதுக்கு?"

நான் குழிக்குள் இறங்கிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத் தலையை நீட்டினால், என் ஸ்பேனர் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். "சொல்லுங்கண்ணே, ரேடியேட்டர் எதுக்கு?"

பெட்டிக்குப் பாடம் நடத்த இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஓட்ட வேண்டும். பக்கத்தில் ஒருவர் லேப்டாப்பைப் பார்த்து நம்பர் சொல்ல வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்கிற நம்பர். நம்பர் இறங்கினால் பெட்ரோல் அதிகம், ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஏற்றத்தில் பதிமூன்றில் நின்றால் சரி. முதலில் வீட்டம்மாவை உட்கார வைத்திருக்கிறார். ஓடுகிற வண்டியில் குனிந்து வாசித்த அந்தம்மா சின்னாளப்பட்டிக்கு முன்னாலேயே வாந்தி. "இனிமே கோயிலுக்கே நடந்து போறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டதாம்.

அடுத்த ஆள் நான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவன். நம்பர் தெரியும், பஸ்ஸும் ஸ்பேனரும் ரூபாய் நோட்டும் சொல்லிக் கொடுத்தவை. எழுத்துதான் ஆகாது, அதிலும் இங்கிலீஷ் கிட்டவே வராது. இது ஊரில் யாருக்கும் தெரியாது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டுதான் டீ குடிப்பேன்.

முதல் நாள் அவரே விரல் வைத்துக் காட்டினார். மேலே இடது மூலையில் இருக்கிற கட்டம். நான் நம்பரைச் சொல்ல, அவர் திருத்த, வண்டி பூ மாதிரி போனது. ராத்திரியில் சும்மா இருந்தாரா மனுஷன்? திரையில் இருந்த கட்டங்களை எல்லாம் இடம் மாற்றி அழகாக அடுக்கி, மறுநாள் என் மடியில் வைத்தார். அன்றைக்குச் சிறுமலை ஏற்றம்.

நான் அதே மூலையைப் பார்த்தேன்.

"எம்புட்டுண்ணே?"

"பன்னெண்டரை."

"பெட்ரோல் ஜாஸ்தி. கொறைப்போம்." ஓரமாக நிறுத்தி, வேறு பக்கத்தைத் திறந்து என்னவோ தட்டினார். மறுபடி ஏறினோம். "இப்ப?"

"பன்னெண்டரைதான் சார்."

"இன்னும் கொறைப்போம்."

இப்படி ஐந்து தடவை. நம்பர் அசையவே இல்லை. எப்படி அசையும்? அந்த மூலையில் இப்போது இருந்தது, சார்ஜ் சரியாக ஏறாத பழைய பேட்டரியின் வோல்ட்டு. அது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் என் காதுக்கு அப்போதே தெரியும். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி எஞ்சினுக்குள் ஒரு சத்தம்.

"அண்ணே, என்னமோ சத்தம் கேக்குதே?"

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பர் என்னாச்சு என்று கேட்பார். அது எனக்கு எழுத்து ஆகாது என்பதில் போய் நிற்கும். "காத்துச் சத்தம் சார்" என்றேன்.

அடுத்த வளைவில் பிஸ்டன் ஓட்டையானது. அதோடு எஞ்சினும் முடிந்தது.

பிரித்துப் போட்டபோது, "ஏண்ணே ஓட்டை விழுந்துச்சு?" என்றார். "பெட்ரோல் கலப்படமா இருக்கும் சார்." சொன்னதுதான் தாமதம், பிஸ்டனைத் துண்டில் சுற்றிக்கொண்டு பங்க்குக்குப் போய்விட்டார். மதியத்துக்குள் அங்கிருந்த மூன்று பேரில் ஒருவன் வயிற்றுவலி என்று லீவு போட்டானாம். இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். வேறு எதையும் யோசிக்காமலிருக்க அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது.

அன்று சாயங்காலத்தோடு கேள்வி நின்றுபோனது. வண்டி ஓடின ஓட்டத்தையெல்லாம் லேப்டாப் தானாகவே எழுதி வைத்திருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எந்த இடத்தில் எந்த நம்பர், நான் வாசித்தது எது, எல்லாம் அதில் இருந்திருக்கிறது. அவர் வாசித்துவிட்டார்.

இரண்டு மாசம் என் பக்கம் வரவில்லை. வந்து நாலு வார்த்தை கேவலமாகத் திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அதைச் செய்யாததற்கு இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பிறகு ஒரு நாள் காயலான் கடையிலிருந்து வேறு எஞ்சினோடு வந்து இறங்கினார். மாட்டிக் கொடுத்தேன். "வாங்கண்ணே, சிறுமலை" என்று லேப்டாப்பை நீட்டினார்.

திறந்தேன். திரையில் இருந்த அத்தனை கட்டமும் காணோம். நட்டநடுவில் ஒரே ஒரு நம்பர், சிவப்பில், பஸ் நம்பர் அளவுக்கு.

"கண்ணு மங்குதுண்ணே எனக்கு" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "அதான் பெருசாக்கிட்டேன்."

லேப்டாப் இருந்தது என் மடியில்.

"எம்புட்டுண்ணே?"

கொஞ்ச நேரம் எனக்கும் மங்கலாகத்தான் தெரிந்தது. துடைத்துவிட்டுச் சொன்னேன்: "பதிமூணு சார்."