வல்லை வெளியில் ஒரு தும்மல்

தும்மல் பின்னாலிருந்து வந்தது. நமசிவாயத்தின் பிடரியில் ஈரமாக ஏதோ பட்டது போலவும் இருந்தது.

நாளை திங்கட்கிழமை அவருடைய வலக்கண்ணில் சத்திரசிகிச்சை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. இரத்தத்தில் சீனி குறைய வேண்டும், சளி, தடிமன், இருமல் வரக்கூடாது என்று கிளினிக்கில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சீனிக்காகத்தான் ஒரு மாதமாக, நல்லூரிலிருந்து வல்வெட்டித்துறைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தோடு ஓடுகிறார். ஆனால் தடிமனுக்கு அந்தக் கூட்டத்தை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது. இருபது பேரின் மூச்சு, இருபது பேரின் வியர்வை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் கான்.

திரும்பிப் பார்த்தார். மங்கல் கண்ணுக்கு ஒரு நீலச்சட்டை மட்டும்தான் தெரிந்தது.

"தம்பி, தடிமனோ?"

"இல்லை ஐயா. தூசி ஒத்துக்கொள்ளாது. நான் இஞ்சை புதுசு."

தடிமன்காரன் எவன்தான் உண்மையைச் சொன்னான்? அதுவும் புதுசாம். எந்த ஊர்க் கிருமியைக் காவிக்கொண்டு வந்தானோ!

நமசிவாயம் இரண்டு முகக்கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார். புத்தூர் தாண்டுவதற்குள் மூச்சு முட்டிப் பின்தங்கினார். நீலச்சட்டையும் பின்தங்கியது.

"உங்களுக்கு இளைக்குது, ஐயா. இந்தாங்கோ, ஒரு முறடு குடியுங்கோ."

நீட்டியது அவன் வாய் வைத்துக் குடித்த போத்தில்! அண்ணாந்து குடிக்கத் தெரியாத பிறவி. நமசிவாயம் தலையை ஆட்டி மறுத்தார். முகக்கவசங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, உயிரைப் பிடித்துக்கொண்டு மிதித்து எல்லாருக்கும் முன்னுக்குப் போனார்.

வல்லை வெளியில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. கூட்டத்தை நடத்தும் ஜெயசுதன் பின்னாலிருந்து கத்தினான்.

"முன்னுக்குப் போற ஐயாவோடை ஒட்டி ஓடுங்கோ! காத்து அடிக்காது!"

ஒட்டியது யார் என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை. அடுத்த தும்மல் காதடியிலேயே விழுந்தது.

நமசிவாயம் ஓடிக்கொண்டே சனிடைசரை எடுத்துப் பிடரியில் ஊற்றினார். கையில் ஊற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று ஹாண்டிலிலும் பிறேக்கிலும் தாராளமாகப் பூசினார்.

"ஐயா, துவாய் தரட்டோ?" நீலச்சட்டை பக்கத்திலேயே வந்துவிட்டது.

"கிட்ட வராதையும்!" என்று பிறேக்கை அழுத்தினார். விரல்கள் வழுக்கின. ஹாண்டில் திரும்பிப் பக்கத்துச் சைக்கிளில் இடித்தது. நீலச்சட்டை சைக்கிளோடு தெருவோரத்துச் சேற்றுப் பள்ளத்துக்குள் போனது.

பள்ளத்திலிருந்து ஒரு கை உதவிக்கு நீண்டது. நமசிவாயத்தின் கையும் பாதிவழி போனது, பிறகு தன் பொக்கற்றுக்குள் திரும்பிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கண் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஜெயசுதன், உவரை ஒருக்காத் தூக்கிவிடும்!" என்று தூரத்தில் நின்று சொல்லிவிட்டு, வீட்டுக்குத் திருப்பினார். மூன்று முறை குளித்தார். நாலு முறை உப்புத்தண்ணீரில் கொப்பளித்தார். மனைவி நல்லம்மாவைக்கூட அறைக்குள் விடவில்லை.

திங்கள் காலை ஆஸ்பத்திரியில் தாதி தனுஷிகா காய்ச்சல் பார்த்தாள். இல்லை. தொண்டை பார்த்தாள். சுத்தம். சீனியும் அளவோடு நின்றது. நமசிவாயத்துக்குத் தன்னை நினைக்கவே பெருமையாக இருந்தது.

"அப்ப எத்தினை மணிக்கு உள்ளை போறது, மிஸி?"

"உங்களிலை ஒரு குறையுமில்லை, ஐயா. நேற்றுச் சைக்கிள் ஓடப்போன இடத்திலை ஆரோ பள்ளத்துக்கை விழுத்திப்போட்டு, எங்கடை புதுக் கண் டொக்டருக்குத்தான் வலக்கை கட்டோடை கிடக்கு."