வடக்கெல்லை: குன்று

குன்றை ஏரியாக்கும் வல்லமை இவ்வுலகில் இரண்டுக்குத்தான் உண்டு. ஒன்று நிலநடுக்கம், மற்றது எங்கள் நில அலுவலகம். நிலநடுக்கத்துக்குக் கூட்டக் குறிப்பு எழுதத் தெரியாது. ஆகவே நாங்களே மேல்.

எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு குன்று இருந்தது. அலுவலக அனுமதியோடு கல் குவாரிக்காரர்கள் அதைப் பதினெட்டு ஆண்டுகள் 'பராமரித்தார்கள்'. குன்று குழியானது. மழையில் குழி நிரம்பியது. இயக்குநர் உடனே கூட்டம் போட்டார்.

"வரைபடத்துல என்னம்மா போடறது?"

"குழி சார். தண்ணி நிக்குது."

"குழின்னா பாக்கறவன் யார் தோண்டினதுன்னு கேப்பான். ஏரின்னு போடு, படம் எடுத்துட்டுப் போயிடுவான்."

"தரையில குழிதானே சார் இருக்கு?"

"எழுத்துல இருக்கறதுதாம்மா உண்மை. தரையில இருக்கறதெல்லாம் வெறும் அபிப்பிராயம்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இவ்வளவு படித்தது இதற்குத்தான் போலும். 'ஏரி' என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏரி என்றால் கரை வேண்டும். கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் எவரும் குடியிருக்கக் கூடாது. அதற்குள் இருந்தது ஒரே வீடு. ஏழு நாளில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை ஒரு பிழையும் இல்லாமல் நானே தட்டச்சு செய்து, வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் படித்தும் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. அந்தக் குவாரியில் கல் உடைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்.

"ஏரி எப்பம்மா வந்துச்சு?"

"செவ்வாக்கிழமை, பதினொன்றரை மணிக்கு."

"நாப்பது வருஷமா இருக்கற வீடு, செவ்வாக்கிழமை வந்த ஏரியை ஆக்கிரமிச்சிருச்சா?"

"அதைக் கேக்கறதுக்குப் படிவம் இல்லப்பா."

மறுநாள் காலை அப்பா வீட்டுப் பத்திரத்தோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நேராக இயக்குநர் மேசை முன் நின்றார்.

"வடக்கெல்லை என்னன்னு படிங்க சார்."

"குன்று வரை. அதான் இப்போ குன்றே இல்லையே பெரியவரே."

"யாரு சொன்னா? இந்தச் செவுரு, வாசப்படி, உங்க நாற்காலிக்குக் கீழ இருக்கற கல்லு, எல்லாம் அதுதான். நான் உடைச்சு நான் லாரியில ஏத்துனது. என் உளி பட்ட கல்லு எனக்குத் தெரியாதா? குன்று இங்க வந்து நிக்குது. இதுவரைக்கும் என் நிலம்."

இயக்குநர் சிரித்தார். "உங்கப்பாவுக்கு எடுத்துச் சொல்லும்மா."

எழுத்தில் இருப்பதுதானே உண்மை. என் இடத்தில் போய் உட்கார்ந்து ஒரு தாள் தட்டச்சு செய்தேன். 'குன்றின் மேல் அத்துமீறி அமர்ந்திருக்கும் அலுவலகம் ஏழு நாளில் காலி செய்ய வேண்டும்.' முத்திரை குத்தி இயக்குநர் முன் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"இதுல யாரும்மா கையெழுத்துப் போடறது?"

"நீங்கதான் சார். குவாரி அனுமதியில போட்டிருக்கீங்களே, அதே கையெழுத்து."