முட்டைக்கோசுக்குப் பெரிய டர்போ

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், குன்மா மலையடிவாரத்தில் எங்கள் டயர்க் கடைக்குப் பக்கத்துக் கொட்டகை முன்னால் கார்கள் வரிசை கட்டிவிடும். உள்ளே நெமோதோ குரு. எந்த எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய டர்போ என்று எஞ்சினின் ஆவியிடமே கேட்டுச் சொல்லும் மகான். டர்போ என்பது இரும்பு நத்தை மாதிரி ஒன்று. எஞ்சின் விடும் புகையில் சுழன்று, எஞ்சினுக்கே காற்றை ஊதிக் கொடுக்கும். இதில் ஆவி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

குரு முதலில் ஓட்டுபவரின் ரத்த வகையைக் கேட்பார். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கே அதைக் கேட்கிறவர்கள் உண்டு. காருக்குக் கேட்டால் என்ன குறைச்சல்? பிறகு மூடிய பானெட்டின் மேல் நூலில் கட்டிய போல்ட்டைத் தொங்கவிடுவார். திறக்கக் கூடாது, ஆவி வெட்கப்படும். ஓ வகை தைரியசாலி, பெரிய டர்போ. ஏ வகை பொறுமைசாலி, பெரிய டர்போ. பி வகை பிடிவாதக்காரர், பெரிய டர்போ. கொட்டகையில் இருந்தவை எல்லாமே பழைய லாரிகளில் கழற்றிய பெரிய டர்போக்கள். தற்செயல்தான்.

மலைமேல் வெந்நீர் ஊற்று விடுதிகளுக்கு வெளுத்த விரிப்புகள் கொண்டுபோகிறவள் மிசுயோ. அவளுடைய குட்டி வேனுக்கும் ஒன்றை மாட்டிவிட்டார். ஏற்றத்தில் மிதித்தால் வேன் யோசிக்கும். வளைவு முடிந்தபின் திடீரென்று விழித்துக்கொண்டு பாயும். விரிப்புகள் தாமதமாயின. இன்னொரு முறை தாமதித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக விடுதிக்காரர் சொல்லிவிட்டார். குருவிடம் முறையிட்டாள். ஏ வகை ரத்தத்துக்கும் டர்போவுக்கும் பிணக்கு, இன்னும் பெரியதாக மாட்டினால் சமாதானமாகும் என்றார்.

அடுத்த ஞாயிறு அதே மாதிரி வேறொரு வேனோடு வந்தாள். பேட்டரி செத்துவிட்டதாகச் சொல்லி, நானும் அவள் தம்பியும் தள்ளிவந்தோம். லேசாகத்தான் இருந்தது.

போல்ட் சுழன்றது. குரு கண்ணை மூடினார்.

“அழுவுதும்மா. பசி, பசின்னு கதறுது. பெருசா ஒண்ணு போடு.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒருவர் கண்ணையே துடைத்துக்கொண்டார். மிசுயோ பானெட்டைத் தூக்கினாள். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு முட்டைக்கோசு.

“இதுல எது சாமி அழுவுது?”

குரு சளைக்கவில்லை. எஞ்சின் போனாலும் ஆவி போகாதாம். கண்ணைத் துடைத்தவர் ஒரு முட்டைக்கோசைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கியேவிட்டார்.

“அப்ப அந்த ஆவியையே என் விரிப்பைச் சுமக்கச் சொல்லுய்யா. குட்டி எஞ்சின் விடுற மூச்சுல லாரி டர்போ எப்படிச் சுத்தும்? சின்ன மூச்சுக்குச் சின்ன டர்போ. இதுக்கு நூல் எதுக்கு, போல்ட் எதுக்கு?”

ஒருவர் தன் எஞ்சினின் அளவைப் பார்க்கப் பானெட்டைத் திறந்தார். பிறகு வரிசை முழுவதும் திறந்தது. குருவுக்கு உடனே எங்கோ அவசர வேலை வந்துவிட்டது.

உடைத்துப்போட்ட வேன் ஒன்றிலிருந்து கைக்குள் அடங்குகிற டர்போவை எடுத்து மாட்டிக்கொண்டாள் மிசுயோ. மறுநாள் விருந்தாளிகள் குளித்து எழுவதற்குள் விரிப்புகள் விடுதியில் இருந்தன. வேறு ஆள் தேடும் பேச்சு நின்றது.

குரு இப்போது அடுத்த ஊரில் சைலன்சருக்குச் சகுனம் பார்க்கிறாராம். நம் ஆட்கள் நாலு பேர் என்னிடமே வழி விசாரித்தார்கள். அண்ணன்மாரே, புது சாமான் அப்புறம் வாங்கலாம். கழுத்துக்கு மேலே இருப்பதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது இன்னும் உறை பிரிக்காத புதுசாகவே இருக்கிறது.