பேத்தியின் காதும் மாவு மில்லும்

அகரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விக்னேஷ்குமார் அவர்களுக்கு மாமனார் வேலுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உங்கள் அத்தையும், சுகன்யாவும், முக்கியமாக ஒரு மாதப் பேத்தியும் சுகம். பெங்களூரில் நீங்களும், நீங்கள் மூளையை ஆராய்ச்சி செய்யும் பச்சைக் குழந்தைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைக்காதீர்கள். போனை எடுத்தால் சுகன்யா பிடுங்கிக்கொள்கிறாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. பதறாமல் படியுங்கள்.

வளைகாப்பு முடிந்து சுகன்யா இங்கே வந்ததும், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு இப்போதே காது கேட்கும், கேட்பதை எல்லாம் மூளை பழகிக்கொள்ளும், தினமும் இதைப் போடுங்கள் மாமா என்று வீணைப் பாட்டு அனுப்பினீர்கள். நாங்களும் தினமும் போட்டோம். ஆனால் அவள் படுக்கிற அறைக்கும் நம் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தானே! மிளகாய் அரைபடும்போது அந்த வீணை, வாசித்தவருக்கே கேட்டிருக்காது.

நீங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் வினை. ஒரு நாள் கம்பு அரைபடுகிறது, சுவரே அதிர்கிறது, இவள் தொட்டிலில் வாயைச் சப்பிக்கொண்டு தூங்குகிறாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ? ஒரு தட்டை எடுத்துத் தொட்டில் பக்கத்தில் கரண்டியால் தட்டினேன். அசையவில்லை. மல்லி அரைக்க வந்திருந்த ஒச்சப்பனைக் கூப்பிட்டு, வாசலில் நின்று வண்டி ஹாரனை அடிக்கச் சொன்னேன். "எதுக்குண்ணே?" என்றான். "அட, அடிப்பா, சொல்றேன்." அவன் அடித்த அடியில் தெரு நாய்கள் ஓடின, உங்கள் அத்தை அடுப்பிலிருந்த வெஞ்சனச் சட்டியோடு வெளியே ஓடி வந்தாள், பேத்தி மட்டும் தூக்கத்தில் சிரித்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அத்தை சட்டியை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சுகன்யாவோ, "நான் கூப்டா திரும்புதேப்பா" என்றாள். "அது பால் வாசனைக்குத் திரும்புது தாயி" என்றேன். உடனே அவளும் அழுதாள். மூன்று பேர் அழுத சத்தத்துக்கும் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை மாப்பிள்ளை! ஊரார் பிள்ளைகளின் மூளையை எல்லாம் ஆராய்ச்சி பண்ணுகிறவர், அவர் பிள்ளைக்கு என் மில்லால் இப்படி ஆகிப்போச்சே, எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பேன் என்று, மில்லை விற்றுவிடவே முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாளே திண்டுக்கல்லில் ஒரு காது டாக்டரிடம் போனோம். சகாயசெல்வி என்று பெயர், பொறுமைசாலி. தூங்குகிற பிள்ளையின் காதில் சின்னக் குழாயை வைத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் சிரித்தார். "ரெண்டு காதும் நல்லா இருக்குங்கய்யா. வயித்துல இருக்கையிலேயே மில்லுச் சத்தத்தைக் கேட்டுப் பழகிருச்சு. இது நமக்குச் சம்பந்தமில்லாத சத்தம்னு மூளை தள்ளி வச்சிருச்சு, அம்புட்டுதான்." அந்நேரம் பிள்ளை முழித்து அழுதது. டாக்டரம்மா சுகன்யாவைக் கதவோரமாக நிற்க வைத்து மெல்லக் கூப்பிடச் சொன்னார். "தங்கம்" என்றாள். அழுகை நின்றது, கண் அந்தப் பக்கம் போனது. அத்தனை தூரத்துக்குப் பால் வாசனை எப்படி வரும்? நான் அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன். மில்லை நிறுத்த வேண்டாம், அதுதான் அவளுக்குத் தாலாட்டு என்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மில்லைப் போட்டேன், தூங்கினாள். திடீரென்று கரண்ட் போனது. மில் நின்றதுதான் தாமதம், வீல் என்று கத்தினாள் பாருங்கள்! கரண்ட் போனதற்காகத் துள்ளிக் குதித்த மில்காரன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆகையால் நீங்கள் அவசரப்பட்டு லீவு போட வேண்டியதில்லை. இனி மில்லை நாள் முழுக்க ஓட்டப்போகிறேன். பழனி முருகன் அருளால் உங்கள் ஆராய்ச்சி தழைக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
வேலுசாமி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சுகன்யா வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மில் தாலாட்டு என்றெல்லாம் டாக்டரம்மா சொல்லவே இல்லையாம். "பழகிட்டாலும் இம்புட்டுச் சத்தம் பிஞ்சுக் காதுக்கு ஆகாது, பிள்ளையைத் தள்ளி வைங்க" என்றுதான் சொன்னாராம். நாளைக் காலையில் தாயும் பிள்ளையும் சாணார்பட்டியில் உங்கள் அப்பா வீட்டுக்குப் போகிறார்கள். அதோடு, காதைச் சோதிக்க வேண்டியது பேத்திக்கு இல்லை, வருஷக்கணக்காக மில்லுக்குள் நிற்கிற எனக்குத்தானாம். அதை டாக்டரம்மா என்னிடமே இரண்டு தடவை சொன்னாராம். முடிந்தால் லீவு போட்டு வாருங்கள் மாப்பிள்ளை. அந்த டாக்டரம்மா சொல்வதைக் கேட்டு எனக்குச் சத்தமாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.